மூன்றாவதாகச் சாகிறவள்

ஜூன் 9

யார் கையில் இது கிடைத்திருந்தாலும் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்ட வேண்டாம். படித்தே தீர வேண்டுமென்றால் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்டினால் அழுவாள். அப்பாவிடம் காட்டினால் வீட்டில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாமாவிடம் காட்டினால் எல்லாவற்றையும்விட மோசம், இதையும் படமாக எடுத்துவிடுவார்.

பகலில் நான் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு திரிகிறவள். என் வாய்க்குப் பயந்து வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தவர்கள் உண்டு. விளக்கை அணைத்துப் படுத்தால்தான் அந்த இடம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் இத்தனை வருஷக் கிண்டலையும் வட்டியோடு திருப்பித் தருவார்கள். அதனால் போர்வைக்குள் கைவிளக்கு, ஒரு பேனா, நான்.

விஷயம் இதுதான். என் மாமா, அம்மாவின் தம்பி, பேய்ப் படம் எடுக்கிறார். அதில் நான் மூன்றாவதாகச் சாகிறவள்.

மாமாவுக்குத் தொழில் ஆயுள் காப்பீடு விற்பது. "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" என்று வாசலில் நின்று கேட்டே பல குடும்பங்களைக் கலங்க வைத்தவர். அந்தத் திறமை வீணாகக் கூடாதென்று சினிமாவுக்கு வந்திருக்கிறார். படத்தின் பெயர் 'மைனஸ் ஏழு'. நான்கு இளைஞர்கள் ஒரு கட்டடத்துக்கு அடியில் ஏழு தளம் இறங்கி, மேலே வர வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். எதற்காக இறங்குகிறார்கள்? வண்டிச் சாவி கீழே விழுந்துவிட்டதாம்.

"ஏழு மாடியும் உருண்டு போகுமா மாமா ஒரு சாவி?"

"சினிமாவுல லாஜிக் பாக்கக் கூடாது பாப்பா. உணர்ச்சியைப் பாக்கணும்."

படப்பிடிப்பு நடக்கும் இடம் பாதியில் நிற்கும் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளம். வண்டிகள் நிறுத்துவதற்காகக் கட்டியது. ஏழு தளமெல்லாம் இல்லை, ஒன்றே ஒன்று. சுவரில் கரியால் 'மைனஸ் 1' என்று எழுதி ஒரு காட்சி எடுப்பார், அதைத் துடைத்துவிட்டு 'மைனஸ் 2' என்று எழுதி அடுத்த காட்சி. இப்படி ஒரே தூணைச் சுற்றிச் சுற்றி பூமியின் மையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. அடித்தள வாசலின் அந்த இரும்பு ஷட்டர் கீழே இறங்கி, கடைசி வெளிச்சக் கோடு தரையோடு மறையும் அந்த ஒரு நொடி மட்டும் சிரிப்பாக இல்லை.

ஜூன் 12

அப்பாவுக்குத் தெரியாது. அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர், வேலை முடிந்து வந்தால் கையில் கிரீஸ், முகத்தில் தூக்கம். மாமாவின் பெயரை எடுத்தாலே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாதான் சொல்லிவைத்திருக்கிறாள்.

இன்று சாப்பிடும்போது கேட்டார். "கிளாஸ் எப்படிம்மா போகுது?"

"ஒண்ணும் வெளிச்சமா இல்லப்பா."

அம்மா மேசைக்கு அடியில் காலை மிதித்தாள்.

பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவனை நான் இடுப்புல தூக்கி வளத்தேன்டி. எதைத் தொட்டாலும் பாதியில விட்டுட்டு நிப்பான். இதையாவது முடிக்கட்டும். நாளைக்கு அவன் பெரிய ஆளானா நீயும் 'எங்க மாமா'ன்னுதான் சொல்லிட்டுத் திரிவே."

நான் பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினேன். எனக்கு அந்த இருட்டு பயமாக இருக்கிறது என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

ஜூன் 13

எங்கள் படக்குழு.

கேமராவுக்கு ஒரு வீடியோ அண்ணன். கல்யாண வீடியோ எடுக்கிறவர். பழக்க தோஷம், எல்லோரையும் காலிலிருந்து தலைவரைக்கும் மெதுவாக எடுத்துக்கொண்டு வருவார். இன்று நான் பேயைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறேன், அவர், "சூப்பர்மா, கொஞ்சம் தலையைச் சாய்ச்சு, லேசா சிரிங்க," என்கிறார்.

கதாநாயகன் கட்டடச் சொந்தக்காரரின் மகன். கல்லூரி இரண்டாம் வருஷம். இடத்தை இலவசமாகக் கொடுத்த அவனுடைய அப்பா இரண்டு நிபந்தனை போட்டாராம்: பையன்தான் ஹீரோ, பையன் சாகக் கூடாது. பேய் எல்லோரையும் அடித்துத் தின்றுவிட்டு அவனுக்கு மட்டும் மரியாதையாக வழிவிட்டு நிற்கும். அவனுக்கு நான் வைத்த பெயர் சாகாவரம். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

முதலில் சாகிறவன் வீடியோ அண்ணனின் சொந்தக்காரப் பையன். ஷிப்ட் வேலை. முதல் நாளே செத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

பேய்? பேய் மாமாவேதான். சும்மா நடிக்க வேறு யாரும் வரவில்லை. முகம் முழுக்க வெள்ளைப் பெயிண்ட், கண்ணைச் சுற்றி மை, தலையில் அம்மாவின் பழைய சவுரி. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு "ஆக்‌ஷன்!" என்று அவரே கத்துகிறார், பிறகு அவரே வந்து பாய்கிறார்.

ஜூன் 14

கனவில் அந்த ஷட்டர் இறங்கியது. மறுபடி தூக்கமே வரவில்லை.

ஜூன் 17

இன்று ஒரு மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், திட்டு வாங்கினார்.

நானும் சாகாவரமும், இரண்டாவதாகச் சாகிற பெண்ணும் ஷட்டரைத் தட்டி, "காப்பாத்துங்க! யாராவது இருக்கீங்களா!" என்று கத்தவேண்டிய காட்சி. கத்தினோம். உடனே ஷட்டர் மடமடவென்று மேலே போனது. வாட்ச்மேன் அண்ணன் கையில் கம்போடு உள்ளே ஓடிவந்தார். "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

டேக் வீண். மறுபடி கத்தினோம், மறுபடி ஓடிவந்தார். மாமாவுக்கு வெள்ளைப் பெயிண்டுக்கு அடியிலும் முகம் சிவந்துவிட்டது.

"யோவ், இது நடிப்புய்யா!"

"தெரியுது சார். புள்ளைங்க கத்துறப்ப கை தானாத் தூக்கிடுது."

மாமா அவரை வெளியே கூட்டிப்போய் ஒரு சட்டம் போட்டுவிட்டு வந்தார். இனிமேல் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுவார்கள். உள்ளே யார் எப்படிக் கத்தினாலும், அழுதாலும், கதவை உடைத்தாலும் திறக்கக் கூடாது. அன்றைய படப்பிடிப்பு முடிந்தது என்று சொல்லும் 'பேக்கப்' என்ற சத்தம் காதில் விழுந்தால் மட்டும் திறக்க வேண்டும். பேக்கப் சொல்கிற உரிமை இயக்குநருக்கு மட்டும்தான் உண்டு என்பது சினிமாவில் எழுதப்படாத விதியாம்.

"பேயும் நீங்கதான், சாவியும் நீங்கதானா மாமா?" என்று கேட்டேன்.

"வாயைக் குறைச்சு நடிப்பைக் கூட்டு."

மூன்றாவது தடவை கத்தியபோது யாரும் வரவில்லை. டேக் ஓகே. வீடியோ அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் மட்டும் ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தேன். மாமா பார்த்துவிட்டு, "இதான் வேணும்! இதை அப்படியே வச்சுக்கோ!" என்றார்.

ஜூன் 18

இரண்டாவதாகச் சாகிற பெண் நின்றுவிட்டாள். டியூஷன் இருக்கிறதாம். புத்திசாலி.

"உன் கிளாஸ்ல யாராவது இருந்தாக் கூட்டிட்டு வா," என்றார் மாமா. விசிலைக் கேட்கலாமா?

விசில் என் உயிர்த்தோழி. சின்ன வயதிலிருந்தே வீசிங். ஓடினால், சிரித்தால், மழை பெய்தால் அவள் நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில் சத்தம் கேட்கும். அந்தப் பெயரை வைத்தவர்கள் மற்றவர்கள், பழக்கத்தில் கொண்டுவந்தது அவளே. "வாத்தியார் வர்றப்ப முன்கூட்டியே எச்சரிக்கிற ஒரே மாணவி நான்தான்," என்பாள்.

அவள் பக்கத்தில் இருந்தால் அந்த இருட்டு பாதியாகிவிடும். அவ்வளவுதான் காரணம். எனக்காகத்தான்.

ஜூன் 20

விசில் வந்தாள், அவள் வீட்டிலும் ஸ்பெஷல் கிளாஸ் என்றே சொல்லிவிட்டு. ஷட்டர் இறங்கியது. அந்த அமைதியில் அவள் மூச்சு லேசாக விசிலடித்தது. மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சத்தம் அது?"

"என் நெஞ்சு, அங்கிள்."

"அருமை! அட, அருமைம்மா! லட்ச ரூபா குடுத்தாலும் இந்த எஃபெக்ட் கிடைக்காது!"

கதை அந்த இடத்திலேயே மாறிவிட்டது. இனிமேல் பேய் வருவதற்கு முன்னால் அவள் மூச்சுச் சத்தம் கேட்கும். அதுதான் அடையாளம். விசிலுக்கு ஒரே பெருமை. "பாத்தியாடி, நோயால முன்னுக்கு வந்த முதல் ஆள் நான்தான்."

அவள் கையில் எப்போதும் நீல இன்ஹேலர் இருக்கும். மாமா அதைப் பார்த்து முகம் சுளித்தார். "இதைப் பையில வச்சிடும்மா. பேய்ப் படத்துல நல்லா இருக்காது." பைகளும் போன்களும் எப்போதும் ஷட்டருக்கு வெளியே, வாட்ச்மேன் அண்ணனின் நாற்காலிக்கு அடியில்.

அவளும் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜூன் 21

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், "எனக்குப் பயமா இருக்கும்மா."

அம்மா துணி மடித்துக்கொண்டே, "பேய்ப் படம்னா பயமாத்தான்டி இருக்கும்," என்றாள்.

ஜூன் 24

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

இன்று கடைசிக் காட்சி. மைனஸ் ஏழு. மாமாவுக்குப் புகை வேண்டும். புகை இயந்திரத்துக்கு வாடகை அதிகம். அதனால் அவருக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து, தெருத் தெருவாகக் கொசு மருந்து அடிக்கும் துப்பாக்கி மாதிரியான ஒன்றை வாங்கிவந்தார். கூடவே ஒரு டப்பா மருந்து.

"மாமா, இது கொசுவுக்கு அடிக்கிறது."

"கேமராவுக்குப் புகைதான் தெரியும், கொசு தெரியாது."

மாடிப்படி வழியைச் சிமெண்ட் மூட்டைகள் எப்போதோ அடைத்துவிட்டன. ஷட்டர் இறங்கியது, வெளியே பூட்டும் சத்தம் கேட்டது. உள்ளே ஐந்து பேர்: நான், விசில், சாகாவரம், வீடியோ அண்ணன், பேய் வேஷத்தில் மாமா. மாமா தானே துப்பாக்கியைப் பிடித்து அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நிற்பவர் முகம் மறைந்தது. கண் எரிந்தது. தொண்டையில் மண்ணெண்ணெய் வாடை. ஆக்‌ஷன்.

விசில் நடிக்க ஆரம்பித்தாள். பிறகு அவள் நடிக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் மூச்சில் விசில் சத்தம் எப்போதும் வெளியே விடும்போதுதான் வரும். இன்று இழுக்கும்போதும் வந்தது. பிறகு சத்தமே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாய் மட்டும் அசைகிறது. என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"மாமா, நிறுத்துங்க! அவளால முடியல!"

மாமா கட் சொல்லவில்லை. புகைக்குள்ளிருந்து அந்த வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. வீடியோ அண்ணனின் தோளைத் தட்டி, "ஓடட்டும், ஓடட்டும், கிட்டப் போ," என்றது.

ஐயோ, அந்தக் குரல்! அவ்வளவு சந்தோஷம் அதில்.

வீடியோ அண்ணன்தான் முதலில் கேமராவை இறக்கினார். "சார், நிஜம் சார் இது." சாகாவரம் ஓடிப்போய் ஷட்டரைக் குத்தினான். "திறங்க! நிஜமாவே திறங்க! அண்ணே, சத்தியமா நடிப்பு இல்ல!" அவன் வாழ்க்கையில் ஒரு வசனத்தை உணர்ச்சியோடு பேசியது அப்போதுதான். வெளியே நிற்கிற மனுஷன் என்ன செய்வார்? சொன்னபடி நின்றார். நாங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகக் கத்தினோமோ அவ்வளவுக்கு அவ்வளவு திறக்க மாட்டார்.

மாமாவும் இருமிக்கொண்டே ஷட்டரைத் தட்டினார். "டேய், நான்தான்டா, திற!" அவர் மூளைக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் எட்டவே இல்லை. இல்லை, எட்டியும் சொல்ல மனசு வரவில்லையா? எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நான் தரையோடு படுத்து, ஷட்டருக்கும் தரைக்கும் இடையில் இருந்த விரிசலில் வாயை வைத்துக் கத்தினேன்.

"பேக்கப்!"

வெளியே நாற்காலி நகரும் சத்தம். பிறகு வாட்ச்மேன் அண்ணனின் குரல், சந்தேகமாக: "சார் சொன்னாரா பாப்பா?"

"சொல்லிட்டாருண்ணே! பேக்கப்! பேக்கப்! பேக்கப்!"

வீடியோ அண்ணனும் சாகாவரமும் சேர்ந்து கத்தினார்கள். ஷட்டர் மேலே போனது. அண்ணன் ஒரு கையில் சாவியும் இன்னொரு கையில் தேநீர்க் கெட்டிலுமாக நின்றார். விசிலைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பையைத் தேடி இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அவளால் இழுக்கக்கூட முடியவில்லை.

அந்த நேரத்தில் மாமா என்னைப் பார்த்துச் சொன்னது: "யாரைக் கேட்டுடி பேக்கப் சொன்னே?"

ஜூன் 24, இன்னும் கொஞ்சம்

ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டியில் மாமாவும் வந்தார். இறங்கவில்லை. முகம் முழுக்கப் பெயிண்டோடு எப்படி இறங்குவார்? வண்டிக்குள் உட்கார்ந்தபடியே விசிலின் அப்பாவுக்குப் போன் செய்து, பள்ளியிலிருந்து இயற்பியல் ஆசிரியர் பேசுகிறேன் என்றார். ஸ்பெஷல் கிளாஸில் தூசி அதிகம், உங்கள் மகளுக்கு மூச்சுத் திணறல், பதற வேண்டாம் என்றார். குரலில் என்ன கனிவு, என்ன நிதானம்! இந்தப் படம் முழுக்க அவர் நடித்ததில் சிறந்த நடிப்பு அதுதான். கேமரா ஓடவில்லை, பாவம்.

பிறகு என் பக்கம் திரும்பி, "தூசின்னுதான் சொல்லணும். புரியுதா? வேற எதாவது உளறினே, உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். உங்கம்மா பொய் சொன்னதையும் சேத்து."

தலையாட்டினேன்.

ஜூன் 25

விசிலுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். வழக்கமான வீசிங் என்றால் இதற்குள் தேறியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். கண்ணிலும் வாயிலும் தண்ணீராய் வழிகிறதாம். தூசிக்கு அப்படி ஆகாதாம். "வேற எதையாவது சுவாசிச்சாளா?" என்று அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் குடைந்து கேட்டிருக்கிறார். அவர்களுக்கு என்ன தெரியும்?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகை, டப்பா, பூட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நல்லாயிடுவாடி. சின்னப் புள்ளை. நீ வாயை மூடிட்டு இரு. போலீசு கீலீசுன்னு போனா அவன் வாழ்க்கையே போயிடும்," என்றாள்.

"அவ வாழ்க்கை?"

அடித்துவிட்டாள். அடித்துவிட்டு அவளே அழுதாள்.

ஜூன் 26

மாமா வந்தார், ஒன்றும் நடக்காத முகத்தோடு. எனக்குச் சாக்லேட். ஒரு டீசர் தயாராம், உட்கார வைத்துப் போனில் காட்டினார். ஒரு நிமிஷம் ஓடுகிறது. இருட்டு, புகை, கரியால் எழுதிய 'மைனஸ் 7', அப்புறம் விசில். அவள் சரிவது, அவள் வாய், என் கையில் பதிந்த அவள் நகம். பின்னணியில் அவள் மூச்சை எடுத்து, எதிரொலி சேர்த்து வைத்திருக்கிறார்.

"பாத்தியா? இதுக்காகவே படம் ஓடும். அவ குணமாகி வந்ததும் முதல் ஆளா அவளுக்குத்தான் காட்டணும்."

குணமாகி வந்ததும்!

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நாளைக்கு என்ன ஆகுமோ என்று பாலிசி போடுகிற மனிதர். எங்களில் ஒருவருக்குக்கூடப் போடவில்லை.

"நாளைக்கு எல்லாக் குரூப்லயும் போட்டுடுவேன்," என்றார். அம்மா அந்தப் போனைப் பார்க்கவே இல்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், எதையும் கழுவாமல்.

மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல். நான் பார்த்தது வேறு. கடைசி நொடிகளில், புகை கொஞ்சம் விலகிய இடத்தில், விசிலின் தலைக்குப் பின்னால், வலது மூலையில், ஒரு டப்பா நிற்கிறது. கதைப்படி மனிதர் கால் படாத பாதாளத்தில் கொசு மருந்து டப்பா! லேபிள் கேமராவைப் பார்த்து நிற்கிறது. வேறு நாளாக இருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன்.

எழுத்து சின்னதாகத் தெரிந்தது. படிக்க முடியவில்லை. வீடியோ அண்ணனிடம் பெரிதாக இருக்கும்.

பயமாக இருக்கிறது. நாளைக்குச் சொன்னால் மாமா போச்சு. அம்மா என்னை மன்னிக்கவே மாட்டாள். அப்பா அம்மாவை என்ன சொல்வார்? சொல்லாவிட்டால்

இதை முடிக்க வேண்டாம். தெரியும்.

ஜூன் 27

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசிலின் அப்பா வார்டுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டார். "உக்காரும்மா. உன் பேரை மட்டும் ஒரு தடவை சொன்னா, அதுக்கு மேல பேச முடியல."

நான் உட்காரவில்லை. எப்படிச் சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அங்கிள், தூசி இல்ல. கொசு மருந்து. எங்க மாமா படம் எடுத்தாரு. கதவைப் பூட்டிட்டு அடிச்சாரு. நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு உங்ககிட்ட பேசினது வாத்தியார் இல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், விறுவிறுவென்று உள்ளே போனார். ஒரு நர்ஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன மருந்து? பேர் வேணும்."

மாமாவுக்குப் போன் போட்டேன். "டப்பாவைத் தூக்கி எறிஞ்சாச்சு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீடியோ அண்ணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரைத் திறக்கிறேன் என்றார்.

"கடைசி டேக்குண்ணே. வலது மூலையில டப்பா இருக்கும். பெருசு பண்ணிப் பாருங்க."

"இரும்மா, இரும்மா... ஆமா, இருக்கு. ஃப்ரேமுல டப்பா வருதுன்னு நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், உங்க மாமா கேட்டாரா?" ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் டாக்டரிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் படத்தையும் அனுப்பினார். அது தெளிவாக இருந்தது, துல்லியமாக இருந்தது. இந்தப் படத்திலேயே ஃபோகஸ் சரியாக அமைந்த ஒரே காட்சி அந்த டப்பாதான்.

டாக்டர் அதைப் பார்த்தார். உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ ஊசியின் பெயரை வேகமாகச் சொன்னார்.

ஜூன் 27, வீட்டில்

எல்லாம் தெரிந்துவிட்டது. விசிலின் அப்பா எங்கள் அப்பாவுக்கே போன் செய்துவிட்டார். அப்பா கை கழுவாமல் வந்து நின்றார், கிரீஸ் அப்படியே. கொஞ்ச நேரத்தில் மாமாவும் வந்தார்.

"குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டாளே உம்பொண்ணு! நான் ஆளாகுறது இந்த வீட்டுல யாருக்கும் புடிக்கல!"

அப்பா சத்தம் போடவில்லை. "மச்சான், வெளியே பூட்டச் சொன்னது யாரு?"

"அது ஒரு எஃபெக்டுக்காக மாமா..."

"யாரு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். எப்போதும் அம்மாதான் அவருக்காகப் பதில் சொல்வாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடமும் அவள் பேசவில்லை.

ஜூன் 28

விசில் அப்படியேதான் இருக்கிறாளாம். இன்னும் ஒரு நாள் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 30

ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள்! நேற்றே எடுத்துவிட்டார்களாம். இன்று அப்பாவோடு போனேன். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, பார்க்கவே யாரோ மாதிரி இருந்தாள். குரல் வரவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, காதில் காற்றாகக் கேட்டாள்: "எப்படிடி இருந்துச்சு என் நடிப்பு?"

"கேவலம். ரொம்ப ஓவர்."

சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது, நர்ஸ் என்னைத்தான் முறைத்தாள். வெளியே வந்து அழுதேன். அப்பா பக்கத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை முழுதாகப் படித்தார்.

சாகாவரத்துக்கும் இருமல் விடவில்லையாம். அவன் அப்பா மாமாவின் மேல் புகார் கொடுத்திருக்கிறார். சாகாத மகன் இருமினாலும் அவருக்குப் பொறுக்கவில்லை. விசிலின் அப்பாவும் கொடுத்திருக்கிறார். நாளைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா கூட வருகிறார். வாட்ச்மேன் அண்ணனையும் விசாரிப்பார்களாம். அவர் பூட்டியது அவர் தவறில்லை என்று முதலில் அதைத்தான் சொல்லப்போகிறேன். மாமா டீசரைப் போடவில்லை. வீடியோ அண்ணன் மொத்தக் கார்டையும் போலீசிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "கொஞ்சம் பத்திரமா வையுங்க சார், அதுல ஒரு கல்யாணமும் இருக்கு," என்றாராம்.

மாமா வீட்டுக்கு வருவதில்லை. அம்மா சமைக்கிறாள், தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரி. மறுபடி செய்வேனா என்றால், செய்வேன். ஆனால் இப்படி ஒரே வீட்டில் ஒருத்தி இல்லாதது மாதிரி எத்தனை நாளைக்கு? அதற்கு அந்த இருட்டே தேவலை என்று சில நேரம்

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா. அம்மா குரல்தான்.

"தூங்கிட்டியா? அந்தப் பொண்ணு காரம் சாப்பிடலாமா, கேட்டியா? நாளைக்கு நானும் வரலாம்னு... ஏய், கதவைத் திற—"